ஐடி இளநிலைப் பட்டம்: கிரெடிட் பாதி முடிந்தால் படிப்பும் பாதி முடிந்ததா?

#1 எறும்பு
எல்லோருக்கும் வணக்கம். ஐடி இளநிலைப் படிப்பில் எனக்கு இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதியும் நேரம். துறையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் கொடுக்கும் புள்ளி), துறைப் பாடம் இத்தனை, கணிதம் இத்தனை, பொதுப் பாடம் இத்தனை என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சரிபாதி, 60 வந்துவிட்டது.

ஆனால் அந்த அறுபதில் பெரும்பகுதி பொதுப் பாடங்கள். மொழி, சமூகவியல், பொருளாதாரம், தொழில்முறை எழுத்து, புள்ளியியல் எல்லாம் முடிந்தன. துறைப் பாடத்தில் நிரலாக்கம்-1, ஐடி அறிமுகம், இணையப் பக்க வடிவமைப்பு, நெட்வொர்க் அடிப்படை ஆகியவைதான் கையில் உள்ளன. நிரலாக்கம்-2 இன்னும் எடுக்கவில்லை. டிஸ்கிரீட் கணிதத்தை (தர்க்கம், கணங்கள், நிறுவல் பற்றிய கணிதம்) பயந்துகொண்டே தள்ளி வைத்திருக்கிறேன்.

"பாதி முடிந்தது, மீதி நாலு செமஸ்டரில் முடித்துவிடலாம்" என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இடிக்கிறது. எதை முதலில் எடுப்பது? ஐடிக்கு டிஸ்கிரீட் கணிதம் நிஜமாகவே தேவையா? விருப்பப் பாடங்களில் கிளவுட், சைபர் பாதுகாப்பு, மொபைல் செயலி என்று பட்டியல் நீள்கிறது. எதைத் தொடுவது என்றும் சொல்லுங்கள்.

#2 மூன்றாம்பெஞ்ச்
சுருக்கமாகச் சொல்கிறேன். எது சுலபமோ அதை எடுங்கள், சீக்கிரம் வெளியே வாருங்கள். வேலையில் சேர்ந்த பிறகுதான் எல்லாம் கற்கப்போகிறீர்கள். அந்தத் தாளை எழுதியவர்கள் கடைசியாக ஒரு சர்வரைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்றோ!

#3 கமாப்புள்ளி
எறும்பு, உங்களுக்கு இடிப்பது சரியான இடத்தில்தான் இடிக்கிறது. மாணவர்களுக்குப் பாடம் பதிய வழிகாட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. இதே கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும், பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். நீங்கள் இரண்டாம் ஆண்டிலேயே கேட்டுவிட்டீர்கள்.

அந்தத் தாளை மேலிருந்து கீழே படிக்காதீர்கள். கடைசியில் இருக்கும் இறுதி ஆண்டு ப்ராஜெக்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ப்ராஜெக்ட்-2 எடுக்க ப்ராஜெக்ட்-1 முடித்திருக்க வேண்டும். ப்ராஜெக்ட்-1க்கு என்ன முன்தேவை? பெரும்பாலும் டேட்டாபேஸும் டேட்டா ஸ்ட்ரக்சரும் (நிரலுக்குள் தரவை அடுக்கி வைக்கும் முறைகள்). டேட்டா ஸ்ட்ரக்சருக்கு நிரலாக்கம்-2, பல இடங்களில் அதோடு டிஸ்கிரீட் கணிதமும். நிரலாக்கம்-2க்கு நிரலாக்கம்-1. இப்படி ஒரு சங்கிலி கிடைக்கும். அதில் எது மிக நீளமோ அதுதான் நீங்கள் எப்போது பட்டம் வாங்குவீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். கிரெடிட் எண்ணிக்கைக்கு அதில் பங்கு குறைவு.

உங்கள் கதையையே பாருங்கள். கிரெடிட்டில் 60 முடிந்தது. சங்கிலியில் முடிந்தது ஒரே ஒரு கண்ணி. இனி நிரலாக்கம்-2, டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ப்ராஜெக்ட்-1, ப்ராஜெக்ட்-2 என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ஐந்து செமஸ்டர். உங்களிடம் இருப்பது நாலு. ஒரே செமஸ்டரில் ஏழு பாடம் எடுத்து மொத்த கிரெடிட்டை மூன்றே செமஸ்டரில் முடித்தாலும் சங்கிலி அசையாது.

தாளில் டேட்டாபேஸ் பாடத்துக்கு எதிரே முன்தேவை என்ன போட்டிருக்கிறது என்று அப்படியே எழுதிப் போடுங்கள். உங்கள் விஷயம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

#4 பழையசர்வர்
கமாப்புள்ளி மேடம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முன்தேவைப் பாடத்தில் பாஸ் ஆனால் போதாது, "குறைந்தது சி கிரேடு" என்று பல இடங்களில் விதி இருக்கும். டி வாங்கினால் கிரெடிட் கணக்கில் ஏறிவிடும், ஆனால் அடுத்த பாடத்தின் கதவு திறக்காது. பாஸ் ஆகிவிட்டோம் என்று நம்பிப் பதியப் போகும்போதுதான் அது தெரியவரும்.

தம்பி, நிரலாக்கம்-1இல் என்ன கிரேடு?

#5 எறும்பு
தங்கச்சி அண்ணா, தம்பி இல்லை. நிரலாக்கம்-1இல் பி. அதில் பிரச்சினை வராது என்று நினைக்கிறேன்.

கமாப்புள்ளி மேடம், தாளில் இருப்பது இதுதான்:
டேட்டா ஸ்ட்ரக்சர்: நிரலாக்கம்-2, டிஸ்கிரீட் கணிதம்.
டேட்டாபேஸ்: நிரலாக்கம்-2.
ப்ராஜெக்ட்-1: டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், நெட்வொர்க் அடிப்படை.
ப்ராஜெக்ட்-2: ப்ராஜெக்ட்-1.
எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் "குறைந்தபட்சம் சி" என்று இருக்கிறது. பழையசர்வர் அண்ணா சொல்லும்வரை அது கண்ணிலேயே படவில்லை.

#6 கமாப்புள்ளி
நல்ல செய்தி. டேட்டாபேஸ் பாடம் டேட்டா ஸ்ட்ரக்சரைக் கேட்கவில்லை. அதனால் இரண்டையும் ஒரே செமஸ்டரில் எடுக்கலாம். ஐந்து கண்ணி நாலாகிவிட்டது:

5ஆம் செமஸ்டர்: நிரலாக்கம்-2, டிஸ்கிரீட் கணிதம்.
6: டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ்.
7: ப்ராஜெக்ட்-1.
8: ப்ராஜெக்ட்-2.

மற்ற பாடங்களை இடைவெளிகளில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் கவனியுங்கள், இந்தத் திட்டத்தில் ஒரு விரல் அளவுகூட இடமில்லை. இவற்றில் எது தவறினாலும் பட்டம் தள்ளிப்போகும். டிஸ்கிரீட் கணிதத்தை இன்னும் ஒரு செமஸ்டர் தள்ளினாலும் அதே கதிதான். "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு இன்றோடு முடிந்தது.

#7 மூன்றாம்பெஞ்ச்
சரி, சங்கிலிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சங்கிலிக்குள் டிஸ்கிரீட் கணிதத்தை ஏன் கோத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ஐடி படித்தவர் செய்யப்போவது சர்வர் பராமரிப்பு, நெட்வொர்க், டேட்டாபேஸ், பயனர் ஆதரவு. இதில் கணங்களின் கோட்பாட்டையும் தொகுத்தறிதல் நிறுவலையும் (கணித நிரூபணம்) வைத்து என்ன செய்வது? கணினி அறிவியல் படிப்பவருக்கு வேண்டுமானால் சரி. ஐடிக்காரரை வடிகட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

#8 பழையசர்வர்
மூன்றாம்பெஞ்ச், நீங்கள் சொன்ன பட்டியலிலிருந்தே இரண்டு எடுக்கிறேன்.

முதலில் நெட்வொர்க். புதிதாக ஒரு சர்வர் வைக்கிறார்கள். முகவரி 10.20.30.70, கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் கருவி) 10.20.30.1, மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.192. சர்வர் கேட்வேயோடு பேசவே மாட்டேன் என்கிறது. கேபிளை மாற்றுகிறார்கள், சுவிட்ச் போர்ட்டை மாற்றுகிறார்கள், ரீபூட் செய்கிறார்கள். தப்பு அங்கே எங்கும் இல்லை. 192 என்பது பைனரியில் 11000000. அதாவது மாஸ்க் /26, முகவரியின் 32 பிட்டில் முதல் 26 நெட்வொர்க்குக்கு. 32இல் 26 போனால் மீதி 6 பிட். இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஆக முகவரிகள் 64, 64ஆகப் பிரிகின்றன: 0 முதல் 63 வரை ஒரு துண்டு, 64 முதல் 127 வரை அடுத்தது. கேட்வே முதல் துண்டில், சர்வர் இரண்டாம் துண்டில். ஒரே வீட்டில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். முகவரியையும் மாஸ்கையும் பிட் பிட்டாக "அண்ட்" போடத் தெரிந்தவருக்கு இது அரை நிமிட வேலை. தெரியாதவர் கேபிளைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்.

அடுத்து டேட்டாபேஸ். முடக்கப்பட்ட கணக்குகளின் பட்டியல் ஒரு டேபிளில் இருக்கிறது. "அந்தப் பட்டியலில் இல்லாத பயனர்களைக் கொடு" என்று டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் "நாட் இன்" (இதில் இல்லை) போட்டு ஒரு கேள்வி எழுதுகிறோம். நேற்றுவரை சரியாக ஓடியது. இன்று ஒரு வரிகூட வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. காரணம், முடக்கப்பட்டவர் பட்டியலில் யாரோ பயனர் எண்ணை நிரப்பாமல் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் "நல்" (மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) உட்கார்ந்திருக்கிறது. எஸ்கியூஎல்லின் தர்க்கத்தில் உண்மை, பொய் என்ற இரண்டோடு "தெரியாது" என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. எதை நல்லோடு ஒப்பிட்டாலும் விடை "தெரியாது". "நாட் இன்" என்றால் இதற்குச் சமமில்லை, அதற்கும் சமமில்லை, இன்னொன்றுக்கும் சமமில்லை என்று "அண்ட்" போட்டுக் கோத்த நீண்ட வாக்கியம். அதில் ஒரு துண்டு "தெரியாது" ஆகிவிட்டால் மொத்த வாக்கியமும் எந்தப் பயனருக்கும் "உண்மை" ஆகவே முடியாது. அதனால்தான் வெறும் கை.

இதைத் தர்க்கம் படிக்காமலும் கண்டுபிடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்கிரீட் கணிதத்தின் முதல் மூன்று வாரப் பாடமே இதுதான். "நாட்" (இல்லை) அடைப்புக்குறிக்கு உள்ளே போகும்போது "அண்ட்" (மற்றும்) ஏன் "ஆர்" (அல்லது) ஆகிறது என்று அங்கே உட்கார்ந்து எழுதிப் பார்த்தவருக்கு இது கண்ணில் பட்டுவிடும்.

#9 மூன்றாம்பெஞ்ச்
நெட்வொர்க் உதாரணத்தை நெட்வொர்க் பாடத்திலேயே சொல்லித்தரலாமே. தனிப் பாடம் எதற்கு? அதைச் சொல்லுங்கள்.

#10 பழையசர்வர்
சொல்லித்தருகிறார்கள். பைனரியைப் புரியவைப்பதிலேயே இரண்டு வாரம் போய்விடுகிறது, தரவு எந்த வழியில் போகும் என்று சொல்லும் ரூட்டிங்குக்கு நேரம் போதாமல் ஓடுகிறார்கள். அதனால்தான் முன்தேவை.

#11 கமாப்புள்ளி
இந்த விவாதம் பாடத்திட்டம் எழுதுபவர்களுக்குள்ளேயும் நடந்ததுதான். ஐடியைத் தனிப் படிப்பாக அங்கீகரித்து ஏசிஎம், ஐட்ரிபிள்இ கம்ப்யூட்டர் சொசைட்டி போன்ற சர்வதேசக் கணினித் துறை அமைப்புகள் 2005இல் ஓர் ஒட்டுமொத்த அறிக்கை வெளியிட்டன. கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் அமைப்புகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல் என்று ஐந்தாகப் பிரித்துக் காட்டியது அதுதான். ஐடிக்கென்று தனி வழிகாட்டி 2008இல் வந்தது. அதைத் திருத்தி எழுதியது 2017இல்.

அந்த 2017 ஆவணத்தில் ஐடி படித்தவர் அனைவருக்கும் கட்டாயம் என்று பத்துக் களங்கள் உள்ளன. நெட்வொர்க், தகவல் மேலாண்மை, சைபர் பாதுகாப்பு, பயனர் அனுபவ வடிவமைப்பு, இணையமும் மொபைலும் எல்லாம் அந்தப் பத்துக்குள் வரும். கணிதத்தில் அது தனியாகப் பெயர் சொல்லிக் கேட்பது டிஸ்கிரீட் கணிதத்தைத்தான். பல ஐடி படிப்புகள் கால்குலஸை (நுண்கணிதம்) கேட்பதே இல்லை. புள்ளியியலும் டிஸ்கிரீட் கணிதமும் போதும் என்று விட்டுவிடுகின்றன. கணினி அறிவியல் படிக்கும் நண்பரின் தாளோடு உங்கள் தாளை ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கும்.

எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அது பாடப் பெயர்களை வரிசையாக அடுக்கவில்லை. படித்து முடித்தவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்று எழுதுகிறது: அறிவு, திறன், மனப்பாங்கு மூன்றையும் சேர்த்து. கல்லூரித் தாளுக்கு வரும்போது அது மறுபடியும் பாடக் குறியீடும் கிரெடிட்டுமாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே மூன்றாம்பெஞ்ச் சலித்துக்கொள்வதில் எனக்கும் உடன்பாடுதான்.

#12 நீலத்திரை
இடையில் நுழைகிறேன். நான் வேறு நாட்டில் ஒன்றரை ஆண்டு படித்துவிட்டு இங்கே மாறி வந்தவன். அங்கே ஆண்டுக்கு 60 கிரெடிட். இங்கே நாலாண்டுக்கும் சேர்த்தே 120. என்னுடைய 90ஐக் காட்டினால் முக்கால்வாசி முடிந்தது என்று ஆகுமா?

#13 கமாப்புள்ளி
ஆகாது நீலத்திரை. நீங்கள் படித்தது ஐரோப்பிய இசிடிஎஸ் முறையாக இருக்க வேண்டும். அதில் முழுநேரப் படிப்பின் ஓராண்டு 60. மூன்றாண்டு இளநிலை என்றால் 180, நாலாண்டு என்றால் 240. அமெரிக்கப் பாணி செமஸ்டர் கிரெடிட்டில் ஓராண்டு 30, நாலாண்டுக்கு 120. அதனால் பொதுவாக இரண்டுக்கு ஒன்று என்று மாற்றுவார்கள். உங்கள் 90 இங்கே 45 ஆகலாம்.

அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. 45 கிரெடிட்டை ஏற்கிறோம் என்று கடிதம் வரும். வாங்கியவர் மகிழ்ந்துபோவார். ஆனால் அதில் எத்தனை "பொது விருப்பக் கிரெடிட்" என்று வந்திருக்கிறது, எத்தனை குறிப்பிட்ட பாடத்துக்கு ஈடாக வந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே படித்த டேட்டாபேஸ் இங்கே "பொது விருப்பம்" என்று ஏறியிருந்தால், கிரெடிட் கிடைத்தும் டேட்டாபேஸை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். பழைய பாடத்தின் முழு சிலபஸையும் வாராவாரத் தலைப்புகளோடு, பாடநூல் பெயரோடு, லேப் பயிற்சிகளோடு எடுத்துக்கொண்டு துறையிடம் போங்கள். பாடப் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்ததை சிலபஸ் பார்த்த பிறகு மாற்றுவதுண்டு.

இன்னொன்று, கடைசி இத்தனை கிரெடிட்டை இங்கேயே படித்திருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. எவ்வளவு கொண்டுவந்தாலும் அதைத் தாண்ட முடியாது.

#14 நீலத்திரை
நான் வாங்கிய கடிதத்தில் ஆறு பாடம் "பொது விருப்பம்" என்றுதான் இருக்கிறது. நாளைக்கே சிலபஸைத் தேடுகிறேன். நன்றி மேடம்.

#15 வெயில்குருவி
எறும்பு சார்பாக இல்லை, என் சார்பாகக் கேட்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறேன். செமஸ்டருக்கு இரண்டு பாடத்துக்கு மேல் முடியாது. எனக்கும் இந்தச் சங்கிலிக் கணக்குதானா?

#16 பழையசர்வர்
உங்களுக்குக் கணக்கு தலைகீழ். செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்றால் ஆறு கிரெடிட். 120க்கு 20 செமஸ்டர். சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். உங்களைக் கட்டிப்போடுவது மொத்த எண்ணிக்கைதான். அதனால் கிரெடிட்டை வேறு வழியில் குறைக்க முடியுமா என்று பாருங்கள். வேலையில் ஏற்கெனவே செய்வதைத் தேர்வெழுதிக் கிரெடிட்டாக மாற்ற அனுமதிக்கும் இடங்கள் உண்டு. சில தொழில்முறைச் சான்றிதழ்களுக்குக் கிரெடிட் கொடுப்பதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. நீண்ட காலம் படிப்பவர்களுக்குப் பழைய தொழில்நுட்பப் பாடங்களைக் காலாவதி ஆக்கும் விதி சில இடங்களில் இருக்கிறது. முதல் ஆண்டில் படித்த நெட்வொர்க் பாடம் கடைசி ஆண்டில் செல்லாது என்று சொல்லிவிட்டால் வயிறு எரியும். எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதி உங்களுக்குப் பொருந்துமா, நடுவில் மாற்றிய விதி பொருந்துமா என்பதையும் கேளுங்கள். பொதுவாகச் சேர்ந்த ஆண்டுத் தாள்தான் செல்லும், ஆனால் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் புதுத் தாளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

#17 வெயில்குருவி
நான் ஓர் ஆண்டு நிறுத்தியிருந்தேனே அண்ணா! இப்போதே கேட்கிறேன்.

#18 மூன்றாம்பெஞ்ச்
விருப்பப் பாடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எறும்பு, கிளவுட் எடுங்கள். வேலைவாய்ப்பு அங்கேதான். டேட்டாபேஸ் எல்லாம் பழைய சரக்கு.

#19 பழையசர்வர்
பழைய சரக்குதான். தகவலை டேபிள்களாக அடுக்கும் ரிலேஷனல் மாதிரியை எட்கர் காட் என்ற கணினி விஞ்ஞானி எழுதியது 1970இல். எஸ்கியூஎல் அமெரிக்கத் தரநிலை ஆனது 1986இல். இன்றைக்கும் கிளவுட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் உள்ளே ஓடுவது அதுதான். மறுபுறம், பிளாஷ் என்ற மென்பொருளை வைத்து அனிமேஷன் செய்யும் விருப்பப் பாடங்கள் ஒருகாலத்தில் நிரம்பி வழிந்தன. 2020 இறுதியோடு அடோபி அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. ஒரு பொருளின் பெயரைச் சுமக்கும் பாடத்தைவிட, ஒரு பிரச்சினையின் பெயரைச் சுமக்கும் பாடம் நீண்ட நாள் நிற்கும்.

கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பாடத்தின் சிலபஸை எடுத்துப் பாருங்கள். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று பதினைந்து வாரமும் போனால் அதை நீங்களே இரவில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) எப்படி இயங்குகிறது, தனி நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது, யாருக்கு எந்த அனுமதி, சர்வர் விழுந்தால் எது மேலே எழும்பும், மாதக் கட்டணம் எதனால் ஏறுகிறது என்றெல்லாம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

#20 எறும்பு
சைபர் பாதுகாப்பு எனக்குப் பிடிக்கும் அண்ணா. அதை எடுத்தால்?

#21 பழையசர்வர்
தாராளமாக. ஆனால் தனியாக ஒரே ஒரு பாதுகாப்புப் பாடம் எடுப்பது நுனிப்புல் மேய்வதுதான். ஆபரேட்டிங் சிஸ்டம் அல்லது லினக்ஸ் நிர்வாகம் ஒன்று, அதன் மேல் நெட்வொர்க் பாதுகாப்பு ஒன்று என்று இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒரு கோப்பின் உரிமையை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் ஊடுருவலைப் பற்றிப் படித்தால் சொற்கள்தான் மிஞ்சும். நாலு விருப்பப் பாடம் இருந்தால் நாலு திசையில் போகாமல், இரண்டையாவது ஒரே கோட்டில் வையுங்கள்.

உங்கள் தாளில் "மேல்நிலைப் பாடக் கிரெடிட் இத்தனை" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விருப்பப் பாடங்களை 3ஆம், 4ஆம் ஆண்டு நிலையில் எடுத்தால்தான் அந்தக் கணக்கு நிரம்பும்.

#22 கமாப்புள்ளி
கட்டங்களைப் பற்றிச் சொல்ல விட்டுப்போன ஒன்று. ஒரே பாடம் இரண்டு கட்டத்தில் டிக் வாங்கலாம். எறும்பு முடித்த புள்ளியியல் பொதுப் பாடத்தின் "அளவறி திறன்" கட்டத்தையும் நிரப்பலாம், துறையின் கணிதக் கட்டத்தையும் நிரப்பலாம். ஆனால் மூன்று கிரெடிட் மூன்று கிரெடிட்தான், ஆறாகாது. எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தும் மொத்தம் 117இல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசி செமஸ்டரில் என்னவாவது ஒரு மூன்று கிரெடிட்டைத் தேடி அலைவார்கள்.

அப்புறம் இன்டர்ன்ஷிப். கிரெடிட்டுக்குச் செய்வதாக இருந்தால் சேர்வதற்கு முன்பே துறையின் ஒப்புதல் வாங்குங்கள். செய்து முடித்த பிறகு சான்றிதழோடு போனால் பெரும்பாலும் "அனுபவமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

#23 எறும்பு
மேடம், விடுமுறைக்காலச் சிறு செமஸ்டரில் நிரலாக்கம்-2 நடக்கிறது, டிஸ்கிரீட் கணிதமும் நடக்கிறது. ஒன்றைத்தான் பதிய முடியும். நிரலாக்கம்-2 எடுத்துவிட்டால் ஒரு செமஸ்டர் மிச்சமாகும் அல்லவா?

#24 மூன்றாம்பெஞ்ச்
மிச்சமாகாது. டேட்டா ஸ்ட்ரக்சருக்கு இரண்டுமே வேண்டும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? நிரலாக்கம்-2 விடுமுறையில் முடிந்தாலும் டிஸ்கிரீட் கணிதம் 5ஆம் செமஸ்டரில்தான் முடியும். டேட்டா ஸ்ட்ரக்சர் அதே 6இல்தான். பாருங்கள், சங்கிலிக் கணக்கு எனக்கும் வந்துவிட்டது.

#25 கமாப்புள்ளி
மூன்றாம்பெஞ்ச் சொல்வது சரி. ஆனால் செமஸ்டர் மிச்சமாகாவிட்டாலும் வேறு லாபம் இருக்கிறது. நிரலாக்கம்-2 விடுமுறையில் முடிந்தால் டேட்டாபேஸை 5ஆம் செமஸ்டருக்கே கொண்டுவரலாம். 6இல் டேட்டா ஸ்ட்ரக்சர் தனியாக நிற்கும், அதற்கு முழு நேரமும் கொடுக்கலாம். விடுமுறையில் நிரலாக்கம்-2 தவறிப்போனாலும் 5இல் மறுபடி எடுக்க இடமிருக்கிறது, பழைய திட்டத்துக்குத் திரும்பிவிடுவீர்கள், அவ்வளவுதான். பயப்படும் டிஸ்கிரீட் கணிதத்துக்குப் பதினைந்து வார முழு செமஸ்டர் கிடைக்கும்.

#26 பழையசர்வர்
இங்கே மேடத்தோடு எனக்கு ஒத்துவரவில்லை. எது தவறிப்போகும் என்று பயமோ அதைத்தான் விடுமுறையில் வைக்க வேண்டும், இரண்டாவது வாய்ப்பு அதற்குத்தான் தேவை. நிரலாக்கத்தில் பி வாங்கிய பெண்ணுக்கு நிரலாக்கம்-2இல் இரண்டாவது வாய்ப்பு எதற்கு? டிஸ்கிரீட் கணிதத்தை விடுமுறையில் எடுத்துத் தவறினாலும் 5இல் மறுபடி எடுக்கலாம், பட்டம் தள்ளிப்போகாது. மேடத்தின் வழியில் 5இல் டிஸ்கிரீட் தவறினால் டேட்டா ஸ்ட்ரக்சரும் ப்ராஜெக்டும் சேர்ந்து சரியும்.

#27 கமாப்புள்ளி
கணக்காகப் பார்த்தால் உங்கள் வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினைந்து வாரப் பாடத்தை ஆறேழு வாரத்தில் அமுக்கும்போது நிரலாக்கம் தாங்கும், நிறுவல் தாங்காது. நிரல் தப்பானால், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் உடனே சொல்லும், இரவோடு இரவாகத் திருத்தலாம். ஒரு நிறுவல் எங்கே தப்பு என்று யாராவது படித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் தெரியும். திருப்பி வருவதற்குள் அடுத்த தேர்வு வந்துவிடும். தவறிய ஒரு கிரேடு சராசரியில் ஏறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுமுறை எடுத்தால் பழையதை நீக்கும் விதி எல்லா இடத்திலும் இல்லை.

எறும்பு, விடுமுறைப் பாடத்தை யார் நடத்துகிறார்கள், வாரம் எத்தனை பயிற்சித் தாள், திருத்திக் கொடுக்க உதவி ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

#28 எறும்பு
துறையில் கேட்டுவிட்டு வந்தேன். விடுமுறை டிஸ்கிரீட் பாடத்துக்கு உதவி ஆசிரியர் கிடையாதாம், இரண்டே தேர்வுதானாம். அதனால் நிரலாக்கம்-2 பதிந்துவிட்டேன். பழையசர்வர் அண்ணா மன்னிக்க வேண்டும். 5இல் டிஸ்கிரீட், டேட்டாபேஸ், லினக்ஸ் நிர்வாகம், மீதி ஒரு பொதுப் பாடம். டிஸ்கிரீட் வகுப்பு தொடங்குமுன் தர்க்கமும் பைனரியும் மட்டுமாவது பார்த்து வைக்கிறேன். அந்த /26 கணக்கை நானே வேறு எண் போட்டுச் செய்து பார்த்தேன், வருகிறது.

ஒரு புதுத் தகவலும் கிடைத்தது. ப்ராஜெக்ட்-1 ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும்தான் நடக்குமாம்.

#29 பழையசர்வர்
மன்னிப்பெல்லாம் எதற்கும்மா, உதவி ஆசிரியர் இல்லை என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கடைசி வரியைத் தாளில் சிவப்பில் எழுதி ஒட்டுங்கள். 7ஐ விட்டால் அடுத்த ப்ராஜெக்ட்-1 ஓராண்டு கழித்துத்தான். டேட்டா ஸ்ட்ரக்சர் எந்தெந்த செமஸ்டரில் நடக்கிறது என்று கேட்டீர்களா?

#30 எறும்பு
கேட்டேன் அண்ணா, இரண்டு செமஸ்டரிலும் உண்டாம். விடுமுறையிலும் ஆள் சேர்ந்தால் நடத்துவார்களாம். ஆக 6இல் ஏதாவது ஆனாலும் 7க்கு முன் ஒரு வழி இருக்கிறது.

#31 மூன்றாம்பெஞ்ச்
ஆள் சேர்ந்தால்தானே? இப்போதிருந்தே கூடப் படிப்பவர்களிடம் பேசி வையுங்கள். கிரெடிட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த நண்பர்களில் பாதிப் பேர் எப்படியும் அங்கே வந்து உட்காருவார்கள்.